புண் இல்லாத பள்ளிக்கூடம்

ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் பள்ளிக்கூடம் முன்னேறியது. சொன்னால் சிரிப்பார்கள். ஆனாலும் அது உண்மை, அதில் எனக்கும் பங்கு உண்டு. மலாயாவில், லூனாஸ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட சின்ன மாதாகோவில். ஞாயிற்றுக்கிழமை அது கோவில், மற்ற நாள்களில் பள்ளிக்கூடம். வெள்ளைக்காரச் சாமியாரைப் பிடித்துக்கொண்டு போன பிறகு உபதேசியார்தான் ஜெபமும் சொன்னார், பாடமும் நடத்தினார். எங்களைப் போன்ற இந்துப் பிள்ளைகள்தான் அங்கே அதிகம். தோட்டத்தில் வேறு பள்ளிக்கூடம் கிடையாது.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. நான்தான் சட்டாம்பிள்ளை. உபதேசியார் இல்லாத நேரத்தில் பிரம்பு என் கையில் இருக்கும். காலையில் எல்லாரையும் ஜப்பான் ராஜா இருக்கும் திசை என்று கிழக்கே திரும்பி நிற்க வைத்து, 'கியோத்ஸ்கே, ரேய்' என்று கத்திக் குனிய வைப்பதும் நான்தான். கொம்பு முளைத்த மாதிரி நடந்துகொண்டேன். சரியாகக் குனியாதவனுக்குக் கெண்டைக்காலில் ஒன்று வைப்பேன். வலிக்க வேண்டும் என்றுதான் வைப்பேன்.

அப்பாவை சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். வீட்டில் அம்மா, நான், ஏழு வயதுத் தங்கை. தங்கையின் இடது கணுக்காலில் முள் குத்தியது. மரவள்ளிக்கிழங்கை மட்டுமே தின்ற உடம்பு, புண் ஆறவில்லை. மெல்ல மெல்ல முழங்கால் பக்கம் ஏறியது. அம்மா வேப்பிலைத் தண்ணீரில் கழுவி, கிழிந்த சேலைத் துணியால் கட்டுவாள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் காலி சீசாக்கள்தான் இருந்தன. "மருந்து வந்தா பொழைச்சுக்கும்மா. வரலேன்னா நான் என்ன செய்யறது?" என்று அங்கே மருந்து கட்டும் டிரசர் அம்மாவிடம் சொன்னபோது நானும் பக்கத்தில் நின்றேன். அன்றிலிருந்து மருந்து எப்போது வரும் என்பதே வீட்டில் பேச்சு.

மருந்து வருவதற்கு முன்னால் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி வந்தார். "திங்கக்கெழம ஜப்பான்கார அதிகாரி பள்ளிக்கூடத்தப் பாக்க வர்றாராம். எதுக்குன்னு எனக்குத் தெரியாது. நல்லா வச்சிக்குங்க. இல்லேன்னா மூடிட்டு, பிள்ளைங்கள எல்லாம் கெழங்குத் தோட்டத்துக்கு அனுப்பிடுவான்" என்று உபதேசியாரிடம் சொல்லிவிட்டுப் போனார். உபதேசியாருக்குக் கை கால் ஓடவில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். பெஞ்சுகளைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தோம். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்.

"புண்ணு, செரங்கு இருக்கறதுங்க அவன் கண்ணுல படக்கூடாது. நீயே பாத்துப் பொறுக்கி எடு."

வீட்டில் விட்டால் அதிகாரி லயத்து வீடுகளைச் சுற்றிப் பார்க்கும்போது அகப்பட்டுக்கொள்வார்கள் என்று, பீடத்துக்குப் பின்னால் மெழுகுவர்த்தி வைக்கும் அறையில் அவர்களை அடைத்து வைப்பதாக ஏற்பாடு.

திங்கட்கிழமை காலையில் வாசலில் நின்று பொறுக்கினேன். ஒவ்வொருவரையும் காலைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். சந்தேகம் வந்தால் முகர்ந்து பார்த்தேன். ஒரு பையன், "அக்கா, காஞ்சிருச்சுக்கா, பாருங்க" என்று கெஞ்சினான். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "செத்த எலி வருது, வழி விடுங்க" என்றேன். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. பதினோரு பேர் சேர்ந்தார்கள். கடைசியாக என் தங்கை. சொந்தத் தங்கை என்று விட்டுவிட்டால் சட்டாம்பிள்ளைக்கு என்ன மரியாதை? அவள் கையைப் பிடித்து நானே உள்ளே தள்ளினேன்.

"சத்தம் போட்டே, ஜப்பான்காரன் உன் கழுத்த வெட்டிப்புடுவான்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

பத்து மணிக்குக் கார் வந்தது. அதிகாரியோடு கிராணியும், டவுனிலிருந்து ஒரு தமிழ் டிரசரும் இறங்கினார்கள். டிரசர் கையில் தகரப் பெட்டி ஒன்று இருந்தது. நாங்கள் குனிந்தோம், பாட்டுப் பாடினோம். அதிகாரி வரிசையாக எங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு டிரசர் என் முன்னால் நின்றார்.

"புண்ணு உள்ள பிள்ளைங்க யாராச்சும் இருக்காங்களா தங்கச்சி?"

"இல்லீங்க. இங்க எல்லாருமே சுத்தம்" என்றேன்.

"நல்லாத் தெரியுமா?"

"தெரியுங்க."

அவர் அதிகாரியிடம் ஏதோ சொன்னார். அதிகாரி "ஜோத்தோ", ரொம்ப நல்லது, என்று என் தலையைத் தட்டினார். டிரசர் கிராணியைப் பார்த்து, "அப்ப இந்தப் புண் மருந்து இங்க வேணாம். அடுத்த தோட்டத்துல பாதிப் பிள்ளைங்க நடக்க முடியாம கெடக்குதுங்க. அங்கயே குடுத்துடறேன்" என்றார்.

எனக்குக் கேட்டது. உபதேசியாருக்கும் கேட்டது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். கார் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. அதிகாரி தண்ணீர் குடித்தார், சுவரைத் தொட்டுப் பார்த்தார், சிகரெட் பற்றவைத்தார். பொய் சொன்னவள் என்று தெரிந்தால் அறைவான். தலை தட்டிய கையாலேயே அறைவான். அந்த அறைக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். கார் போய்விட்டது.

கதவைத் திறந்தபோது தங்கை இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் மூச்சே விடலைக்கா" என்றாள். அப்புறம், "மருந்துன்னாங்களே, அது எனக்கா?" என்று கேட்டாள்.

"உனக்கில்ல. அது பெரியவங்களுக்கு."

சரி என்று தலையாட்டினாள். நான் சொன்னால் எதையும் நம்புவாள்.

எங்கள் பள்ளிக்கூடம்தான் வட்டாரத்திலேயே சிறந்தது என்று ஒரு காகிதமும் ஒரு பெட்டி சாக்கட்டியும் வந்தன. உபதேசியார் காகிதத்தைச் சுவரில் ஒட்டினார். அடுத்த தோட்டத்தில் மருந்து கொடுக்கிறார்கள் என்று நாலு நாள் கழித்துக் கேள்விப்பட்டு அம்மா ஓடினாள். பெட்டி காலி. "நம்ம தோட்டத்துக்கு மட்டும் ஏன் வரலே?" என்று பார்த்தவரை எல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தாள். கிராணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தங்கைக்குக் காய்ச்சல் கண்டது. புண் தொடை வரை ஏறிவிட்டது. நான் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் அவள் பாயை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தேன். காய்ச்சல் வேகத்தில் அந்த மெழுகுவர்த்தி அறையைப் பற்றி, அந்தப் பெட்டியைப் பற்றி உளறுவாள். அம்மா கிட்டே வரும்போதெல்லாம் நான் தங்கையின் உதட்டில் ஈரத் துணியை வைத்து அழுத்துவேன். "அக்கான்னா இப்படியில்ல இருக்கணும்" என்று லயத்துப் பெண்கள் என்னைக் காட்டித் தங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள்.

மூன்றாவது வாரம், அம்மா தண்ணீர் எடுக்கப் போயிருந்த நேரத்தில் தங்கையின் மூச்சு நின்றது. நான் உடனே அழவில்லை. இனி அம்மாவிடம் சொல்ல ஆள் இல்லை என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது.