ஆறணா ஆடிட்டர்

காபி வந்ததும் தீர்த்தகிரி டம்ளரை மேசையின் அந்தக் கோடிக்குத் தள்ளி வைக்கிறார். மஞ்சள் பையிலிருந்து பித்தளைச் செம்பை எடுத்து, வீட்டுத் தண்ணீரை அண்ணாந்து இரண்டு மடக்குக் குடிக்கிறார். "அவிய காப்பியக் குடிச்சா அவிய கணக்கும் இனிக்குமுங்க" என்கிறார். அம்மாபேட்டை நூல் கம்பெனியில் ஆறிப்போன அந்தக் காபி, அவர் கணக்குப் பார்க்க வரும் நாளெல்லாம் ஆபீஸ் பெருக்குகிறவளுக்குப் போகிறது.

காதில் ஒரு சிவப்புப் பென்சில். பில்லைப் பார்த்து, பேரேட்டைப் பார்த்து, இரண்டும் ஒத்தால் ஒரு கோடு. வீட்டிலும் அதே புத்திதான். உப்பு வாங்கினால் கடைச்சீட்டு எங்கே என்பார். "கொழம்புல எத்தன மொளகா கெடக்குதுன்னும் கோடு போடுங்க" என்பாள் அவர் பெண்சாதி மாரக்காள். அவளுக்கு எழுத்து வாசனை கிடையாது, வாய் உண்டு.

தீர்த்தகிரி பட்டம் வாங்கியவர் இல்லை. சேலத்து மில்லில் பதினோரு வருஷம் கணக்கு எழுதியவர். எந்தக் கம்பெனியானாலும் வருஷத்துக்கு ஒருமுறை யாராவது கணக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது சட்டம். நாலு பேர் பங்கு போட்டு நடத்தும் பிரைவேட் கம்பெனி என்றால் அந்த ஆளுக்கு சர்டிபிகேட் வேண்டியதில்லை. அதனால்தான் நாமக்கல் பஸ் கம்பெனி முதலாளி செங்கோட்டையன், வருஷத்துக்கு இருபத்தைந்து ரூபாய் என்று மலிவாகப் பேசி இவரைப் பிடித்தார். "அந்தக் காசுக்கு ஊரான் பொய்யெல்லாம் சொமக்கறீங்க. ஒரு எருமை புடிச்சுக் கட்டியிருந்தா இந்நேரம் கன்னு போட்டிருக்கும்" என்று மாரக்காள் அன்றே சொன்னாள்.

ஜெர்மன் சண்டை தொடங்கிய வருஷம் அது. கம்பெனியின் இரண்டாம் நம்பர் பஸ்ஸை வைகாசியில் உடைத்து, பழைய இரும்பு விலைக்கு விற்றுவிட்டதாகக் கணக்கு. ஆவணியில் அதே பஸ்ஸுக்கு நாலு புது டயர் வாங்கிய பில்.

"செத்த பஸ்ஸுக்கு எதுக்குங்க புதுச் செருப்பு?" என்று கேட்டார் தீர்த்தகிரி.

"குமாஸ்தா கை தவறிப்போச்சுங்க" என்று செங்கோட்டையன் சிரித்தார்.

பஸ் சாகவில்லை. புதுப் பச்சைப் பெயின்ட் பூசிக்கொண்டு, செங்கோட்டையனின் மச்சான் பேரில், ராசிபுரத்திலிருந்து நாமகிரிப்பேட்டைக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் தீர்த்தகிரி வீட்டு வாசல் வழியாகவே. இடது பக்க மட்கார்டில் இருந்த பழைய நசுங்கலைப் பெயின்டா மறைக்கும்? அந்த பஸ், கம்பெனிப் பங்குக்காரி சென்னியம்மாளின் புருஷன் நாலு ஏக்கர் தோட்டத்தை விற்றுப் போட்ட பங்குப் பணத்தில் வாங்கியது. அவன் போய்ச் சேர்ந்த பிறகு அவள் அந்தப் பங்கில் வரும் லாபத்தில்தான் கஞ்சி குடித்து வந்தாள். இப்போது கம்பெனி நஷ்டம் என்று அதுவும் நின்றுவிட்டது. தீர்த்தகிரி எல்லாவற்றையும் அறிக்கையில் எழுதினார். புரட்டாசியில் பங்குதாரர் கூட்டம். அங்கே படிக்க வேண்டியதுதான் பாக்கி.

அதற்கு முந்தின வாரம் மாரக்காள் தங்கச்சி பிரசவத்துக்காக நாமக்கல் போனாள். கம்பெனி பஸ். ஆறணாவை நீட்டினால் கண்டக்டர் வாங்கவில்லை. "ஆடிட்டரய்யா ஊட்டு அம்மாளுங்க நீங்க. உங்ககிட்டக் காசு வாங்குனா மொதலாளி என்னைய ஊட்டுக்கு அனுப்பிப்போடுவாருங்க." முன் சீட்டையும் துடைத்துவிட்டான். நாலு பேர் பார்க்க உட்கார்ந்ததில் மாரக்காளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கம்பெனிக்காரர் தண்ணீர் கொடுத்தாலும் வாங்காதே என்று தீர்த்தகிரி சொல்லியிருந்தார். பஸ் ஏறாதே என்று சொல்லவில்லையே!

கூட்டத்தில் செங்கோட்டையன் எழுந்தார். "நம்ம ஆடிட்டரு தங்கமான மனுசருங்க. ஆனாச் சட்டமுன்னு ஒண்ணு இருக்குதுங்களே." கம்பெனிக்குக் கடன்பட்டவர் ஆடிட்டராக இருக்க முடியாது, கடன்பட்ட அந்த நிமிஷமே வேலை போய்விடும். பேரேட்டைத் திருப்பிக் காட்டினார்: 'ஆடிட்டர் தீர்த்தகிரி வகையில், சம்சாரம் பஸ் சார்ஜ், பாக்கி அணா ஆறு.'

தீர்த்தகிரி அந்த வரியை இரண்டு தரம் படித்தார். மடியை அவிழ்த்து ஆறணாவை மேசையில் வைத்தார். "சட்டம் சரிதானுங்க" என்றார். வேறு எந்த மனுஷனாவது அந்த இடத்தில் அப்படிச் சொல்வானா?

படிக்காத அறிக்கை பைக்குள் போயிற்று. அந்த இடத்துக்குப் புது ஆள் வேண்டும். கம்பெனி குமாஸ்தா ஆடிட்டராகக் கூடாது. பிரைவேட் கம்பெனியில் முதலாளியின் பண்ணையத்துக் கணக்கன் ஆகலாம், சட்டம் தடுக்கவில்லை. பண்ணையத்துக் கணக்கன் பெரியசாமி இரண்டு டம்ளர் காபி குடித்துவிட்டு, ஏட்டைத் திறக்காமலே கையெழுத்துப் போட்டான்.

"எம்பட பஸ்ஸு என்னாச்சுங்க, சாமி?" என்று மூலையிலிருந்து சென்னியம்மாள் கேட்டாள்.

"அது செத்துப்போச்சுங்க ஆத்தா" என்றார் செங்கோட்டையன்.

வீட்டுக்கு வந்தவர் மாரக்காளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "சீட்டுக் கேட்டு வாங்கியிருக்கோணும்" என்றார், சோற்றைப் பிசைந்தார். ஊருக்குள் ஆறணா ஆடிட்டர் என்று பேர் விழுந்தது. அம்மாபேட்டைக் கம்பெனி ஒன்றுதான் இப்போது மிச்சம்.

அந்தப் பச்சை பஸ் தினமும் காலை எட்டு மணிக்கு வாசலைத் தாண்டுகிறது. தீர்த்தகிரி ஒரு நோட்டில் சிவப்புக் கோடு போடுகிறார்.

"ஏனுங்க, இதை எவன் வந்து பாக்கப் போறான்?"

"கணக்குன்னா எவனாச்சும் பாக்கோணுமா?"

அவள் உள்ளே போய்விடுவாள். ஆனால் அவர் அம்மாபேட்டையில் இருக்கிற நாட்களில், ஹாரன் சத்தம் கேட்டதும் மாரக்காள் ஆட்டுக்கல்லை விட்டு எழுந்து வாசலுக்கு வருகிறாள். மட்கார்டைப் பார்க்கிறாள். மாவுக் கையைச் சேலையில் துடைத்து, மாடக்குழியிலிருந்து அந்த நோட்டை எடுத்து, அவர் போட்ட கோட்டுக்குப் பக்கத்தில், கோணலாக, தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி ஒரு கோடு இழுக்கிறாள்.