சடங்குக்குக் காத்திருந்த மாதம்

பிள்ளைக்கு எது விளங்கவில்லை என்பதைத் தாய் எப்படித்தான் அறிவது? இன்றும் எனக்குத் தெரியவில்லை.

பத்தாம் தரத்தில் மகளின் கணிதப் புள்ளி முப்பதுக்கு இறங்கியது. போனைப் பறித்தேன். நானாட்டானில் ரியூசனுக்கு அனுப்பினேன். பிறகும் இருபத்தெட்டுத்தான். "போன் இல்லாமலும் இவ்வளவுதானோ?" என்று ஏசினேன். அவள் அழுதாள்.

"அம்மா, எட்டாம் தரத்தில நான் பெரியபிள்ளையான நேரம், மாமா கனடாவிலயிருந்து வந்தாத்தான் சடங்கு எண்டு ஒரு மாதம் என்னைப் பள்ளிக்கூடம் போக விடேல்லை. அப்பதான் சமன்பாடு படிப்பிச்சவை. திரும்பிப் போய்க் கேட்க வெட்கம். எட்டும் ஒன்பதும் பாடமாக்கித்தான் தாண்டினனான். இனி ஏலாது."

சடங்கு அல்பம் அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது. அந்த மாதத்துக் கணிதக் கொப்பியை நான் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

அடுத்த வருடம் அவளுக்குப் பதினோராம் தரத்தின் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை. எட்டாம் தரப் புத்தகத்திலிருந்து தொடங்கினால் காலம் போதுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.