நாத்தனார் கைச் சோப்பு

என் நாத்தனார் யுவே-ஷியாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. தைவானில், மியாவ்லியில் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளித் தனியாக இருக்கிறாள். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "நேரமில்லை" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள். வேலை என்றால், ஊர்க்கோடி ஈமக்கூடத்தில் இறந்தவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, தலை சீவிவிடுவது. இருபத்தாறு வருஷமாகச் செய்கிறாள். அது போக மிச்ச நேரமெல்லாம் சோப்புதான்.

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்குப் போய்வந்தவர்கள் பேய்மிரட்டி இலை போட்ட தண்ணீரில் கை, முகம் கழுவாமல் வாசல் ஏறமாட்டார்கள். தினமும் பிணத்தோடு இருப்பவள் தினமும் இலைத்தண்ணீருக்கு எங்கே போவாள்? இலையையே சோப்புக்குள் போட்டுவிட்டாள். காய்ந்த பேய்மிரட்டியைக் கசப்புத் தேயிலை விதை எண்ணெயில் ஒரு மாதம் ஊறப்போட்டு, வடிகட்டி, தேங்காயெண்ணெய் சேர்த்து, காஸ்டிக் சோடாக் கரைசலை ஊற்றிக் கிண்டுவாள். கஞ்சிப் பதம் வந்ததும் காலிப் பால் அட்டைப்பெட்டிகளில் ஊற்றி வைப்பாள். மறுநாளோ அதற்கு மறுநாளோ துண்டு போட்டு, நாற்பது நாள் காற்றில் காயவிடுவாள். முப்பத்தொன்பதாவது நாள் யார் வந்து நின்றாலும் ஒரு துண்டு பெயராது. "நாளைக்கு வாங்க" என்று கதவைச் சாத்திவிடுவாள். தராசில் ஒரு கிராம் கூடினாலும் கரண்டி நுனியால் எடுத்துவிடுவாள். எனக்குப் பார்க்கப் பார்க்க எரிச்சல் வரும். நான் சமையலறையில் அப்படி நின்றால் எங்கள் வீட்டில் எல்லோரும் பட்டினிதான்.

போன அக்டோபரில் என் மகள் பெய்-ஷானுக்குப் பெண் பிறந்தது. யூ-நிங் என்று பெயர். பிரசவத்துக்கு என்னிடம்தான் வந்திருந்தாள். குழந்தை வீட்டுக்கு வந்த அன்றைக்கே நான் யுவே-ஷியாவின் வாசலுக்குப் போய் நேராகவே சொன்னேன்.

"தப்பா எடுத்துக்காத. ஒரு மாசம் எங்க வீட்டுப் பக்கம் வராத. நீ எங்கெங்க கை வெச்சிட்டு வர்றியோ."

"சரி அண்ணி. நீங்க சொல்லலைன்னாலும் வந்திருக்கமாட்டேன்" என்றாள். முகத்தில் ஒரு வாட்டம் கிடையாது. சண்டை போட்டிருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

மாதம் முடிந்தது. பிள்ளைக்கு மாதம் நிறைந்தால் உறவுக்குக் கொடுக்கிற சிவப்பு முட்டையும் எண்ணெய்ச் சோறும் அவள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேனே தவிர, அவளைக் கூப்பிடவில்லை. இன்னும் ஒரு மாதம் போகட்டும் என்றேன். அது முடிந்ததும், குளிர் போகட்டும் என்றேன். ஒருநாள் தெருவில் என்னை நிறுத்தி, "அண்ணி, தூரத்துல நின்னாவது பாக்கலாமா?" என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. "அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்றாவது மாதம் யூ-நிங்குக்குக் கன்னமும் கழுத்தும் சிவந்து செதில் செதிலாக உரிந்தது. ராத்திரியும் பகலும் அழுகை. நான் வாங்கி வந்த வாசனைத் திரவச் சோப்பைப் பெய்-ஷான் தூக்கிப் போட்டுவிட்டு, வெளுத்த மஞ்சளில் ஒரு சோப்புத் துண்டை எடுத்துவந்து குளிப்பாட்ட ஆரம்பித்தாள். வாசனையும் இல்லை, பெரிதாக நுரையும் இல்லை.

"எங்கடி வாங்கினே இத?"

"ஜப்பான்லேர்ந்து வந்துதும்மா."

இரண்டு வாரத்தில் கன்னம் வழவழவென்று ஆகிவிட்டது. நான் சும்மா இருப்பேனா? தெரு முழுக்கச் சொன்னேன். ஜப்பான்காரன் ஜப்பான்காரன்தான் என்று காய்கறிக் கடையில் நின்று அரைமணி நேரம் பேசினேன்.

நாலாம் மாதம், குழந்தைக்கு எச்சில் ஒழுகுவது நிற்கட்டும் என்று செய்கிற எச்சில் துடைக்கும் சடங்கு வந்தது. நடுவில் ஓட்டையுள்ள பிஸ்கட்டுகளைச் சிவப்பு நூலில் கோத்துக் குழந்தை கழுத்தில் போட்டோம். பெரியவர்கள் ஒவ்வொருவராக ஒரு பிஸ்கட்டை ஒடித்து, குழந்தையின் உதட்டில் துடைத்து, நாலு நல்ல வார்த்தை சொல்லவேண்டும். கூடம் நிறைய ஆட்கள். எதேச்சையாக வெளியே பார்த்தால், வாசல் குழாயடியில் யுவே-ஷியா நின்று தன் சோப்பைப் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மகளை உள்ளே இழுத்துப்போனேன். "அவள யாரு கூப்பிட்டது?"

"நான்தான். யூ-நிங் போட்டுக் குளிக்கிற சோப்பு அத்தை செஞ்சதும்மா. ஜப்பானும் இல்ல, ஒண்ணும் இல்ல. மிஞ்சிப்போன என் பால நீ கொட்டச் சொன்னியே, அத நான் மொத மாசமே அவங்களுக்குக் கொடுத்தனுப்பினேன். உறைஞ்ச பால ஐஸ் மேல வெச்சு, கருகாம, கொஞ்சம் கொஞ்சமா சோடா போட்டுக் கரைச்சாங்களாம். பாப்பாவுக்குன்னு இலைகூடப் போடல."

ஆனாலும் நான் விடவில்லை. "சோப்பு வேற, கை வேற. பொணத்த தொட்ட கை."

"பாட்டி செத்தப்ப யாருமே தொடக்கூடாது, யுவே-ஷியாதான் குளிப்பாட்டணும்னு அழுதது யாரும்மா? அன்னிக்கு மட்டும் அந்தக் கை வேணுமா இருந்துச்சா?"

பாட்டி என்றால் என் அம்மா. அன்றைக்கு அம்மாவின் தலைமுடியை அவள் சிக்கெடுத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வலிக்கக்கூடாது என்பதுபோல அடிமுடியைப் பிடித்துக்கொண்டு சீவினாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த வயதில் மகளிடம் பேச்சு வாங்கியதற்காக அல்ல. நாலு மாதம் என் பேத்தியைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு திரிந்ததற்காக.

குழந்தையை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். யுவே-ஷியா இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"போதும், தோலு உரிஞ்சிடும். பிடி இவள."

"இன்னும் ஒரு தடவ கழுவிட்டு வாங்கிக்கிறேன் அண்ணி."

"உன் கை பட்டதுலதான் இத்தன நாளா குளிச்சிட்டிருக்கா. ஜப்பான்காரன்னு ஊரெல்லாம் வேற சொல்லித் தொலைச்சிட்டேன். பிடின்னா பிடி."

ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். ஈமக்கூடத்தில் பழகியபடியே ஒரு கையைத் தலைக்கடியிலும் இன்னொன்றை இடுப்புக்கடியிலும் கொடுத்து, பூச்சாடியைப் பிடிப்பதுபோல அசையாமல் நின்றாள். யூ-நிங் அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு வயிற்றில் ஓங்கி ஒரு உதை விட்டது. எதற்கும் கலங்காத யுவே-ஷியாவின் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது.

"அண்ணி, இது உதைக்குது" என்றாள்.