அவள் தைத்த துப்பாக்கி உறை

பட்டாளத்திலிருந்து திரும்பியதும் ஆம்பூரில் ஒரு வங்கி வாசலில் எனக்கு வேலை கிடைத்தது. இரட்டைக்குழல் துப்பாக்கியைச் சொந்தமாக வாங்கி, லைசென்ஸ் எடுத்து, தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிற வேலை. துப்பாக்கி உள்ளவனுக்குத்தான் அந்த ஸ்டூல். இத்தனை வருஷத்தில் அதைச் சுடுகிற அவசியம் ஒரு தடவைகூட வரவில்லை. உண்மையைச் சொன்னால், நான் அங்கே செய்ததெல்லாம் பேனா கொடுத்ததுதான். "அண்ணே, பேனா இருக்கா?" என்று கேட்காமல் உள்ளே போன ஆளில்லை. வாங்கிப்போன பேனாவைப் பாதிப் பேர் ஜேபியில் செருகிக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார்கள். பணத்துக்குக் காவல் நின்றேன், பணம் பத்திரமாக இருந்தது. பேனாவைத்தான் என்னால் காப்பாற்ற முடியவில்லை.

வேலைக்குப் பஸ்ஸில் போக வேண்டும். வெறும் துப்பாக்கியோடு ஏறினால் கண்டக்டர் முதற்கொண்டு ஒதுங்கி நிற்பார்கள். அதனால் ஆரம்பத்தில் ஒரு பழைய போர்வையைச் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். அதைப் பார்த்து என் மனைவிக்கு மானம் போயிற்று. அவள் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற பிரிவில் இருந்தாள்.

"தோல் ஊர்ல குடியிருந்துக்கினு போர்வை சுத்தினு போறீங்களே, இன்னாங்க இது? பாக்கறவங்க என்னைத்தான் கேப்பாங்க" என்றாள்.

சூப்பர்வைசரைக் கெஞ்சிக் கூத்தாடி, கம்பெனி கழித்துப் போட்ட தோல் கொஞ்சம் வாங்கினாள். துப்பாக்கியைப் பாயில் படுக்க வைத்து, சாக்பீஸால் சுற்றிலும் கோடு போட்டு அளவெடுத்தாள். பிறகு சாப்பாட்டு நேரங்களில், கம்பெனி மிஷினிலேயே தைத்தாள். கட்டைப் பக்கம் அகலம், குழல் பக்கம் ஒடுக்கம். வெளிநாட்டுக்காரன் பனியில் போட்டுக்கொள்கிற பூட்ஸுக்கு உள்ளே வைக்கிற ரோமத் துணியை உள்பக்கம் முழுக்க வைத்துத் தைத்திருந்தாள். ஆம்பூர் வெயிலில் எனக்கே ஒரு மின்விசிறி போதவில்லை, துப்பாக்கிக்கு ஸ்வெட்டர். வெளியே தோட்டா வைக்க ஒரு பை, எண்ணெய்ப் புட்டி வைக்க ஒரு பை, துடைக்கிற கம்பியைச் செருக நீளமாக ஒரு மடிப்பு. குழல் முனைக்குத் தனியாக ஒரு சின்ன மூடி. தோளில் அழுத்தாமலிருக்க வாருக்கு அடியில் பஞ்சு. மூடுவதற்கு மூன்று வார், மூன்றிலும் ஷூ பக்கிள்.

இது கைகூடியதும் அவளுக்கு உறை தைக்கிற பைத்தியம் பிடித்துக்கொண்டது. டிவி ரிமோட்டுக்கு உறை, என் மூக்குக் கண்ணாடிக்கு உறை, கேஸ் லைட்டருக்குக்கூட ஒன்று. சும்மா உட்கார்ந்திருந்தால் எனக்கும் அளவெடுத்துவிடுவாள் என்று அவளைச் சீண்டுவேன். ஆனால் பஸ்ஸில் அந்த உறையோடு ஏறும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் ஏறினேன். ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்கள் தையலைத் தொட்டுப் பார்த்து, "எந்த கம்பெனிண்ணே?" என்று கேட்பார்கள். "எங்க வீட்டு கம்பெனி" என்பேன்.

ஒரு விஷயத்தை மட்டும் அவளிடம் நான் சொல்லவில்லை. துப்பாக்கியைத் தோல் உறைக்குள் வைத்துப் பூட்டக்கூடாது. பட்டாளத்தில் முதல் மாதத்திலேயே திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. பதனிடும்போது போட்ட உப்பும் மருந்தும் தோலை விட்டு முழுசாகப் போவதில்லை. மழைக்காற்றில் தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உள்ளே இருக்கிற இரும்பை மெல்ல மெல்ல அரிக்கும். ரோமமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். தூக்கிக்கொண்டு போவதற்குத்தான் உறை, வீடு வந்ததும் வெளியே எடுத்துவிட வேண்டும்.

இதை அவளிடம் எப்படிச் சொல்வது? வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காபி கொடுப்பதற்கு முன்னால் உறையைக் காட்டுகிறவளிடம்? சாயங்காலம் நான் வந்ததும் அவளே துப்பாக்கியை உறையோடு வாங்கி, வார் மூன்றையும் அவிழ்த்து மறுபடி போட்டுக் கொக்கியில் மாட்டுவாள். என்னைவிட ஒரு ஓட்டை இறுக்கித்தான் போடுவாள். விடியற்காலையில் கம்பெனி வேன் வந்து அவளை ஏற்றிக்கொண்டு தெரு முனை திரும்பியதும், நான் துப்பாக்கியை வெளியே எடுப்பேன். குழலுக்குள் துணி விட்டு இழுத்து, எண்ணெய் தடவி, வெளிக்காற்றில் கொஞ்ச நேரம் வைப்பேன். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மறுபடி உறைக்குள். கள்ளத்தனமாகச் சிகரெட் பிடிக்கிறவன் மாதிரி வருஷக்கணக்கில் இப்படி ஓட்டினேன்.

"தூசு பட்டுதாங்க?" என்று அவ்வப்போது கேட்பாள்.

"ஒரு தூசு இல்ல" என்பேன். அது பொய்யில்லை. தூசு படவே இல்லை.

போன மழைக்காலத்தில் அவளுக்கு உடம்பு படுத்தியது. வேலூர் ஆஸ்பத்திரிக்கு நடையாக நடந்தோம். கடைசியில் தங்கித்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். நான் வங்கியில் நீண்ட லீவு போட்டேன். கிளம்புகிற அன்று ஆட்டோ வாசலில் நிற்கிறது, இவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறாள். "இன்னாடி தேடற?" என்றேன். நான் வெளியே வைத்திருந்த துப்பாக்கியை எடுத்து உறைக்குள் விட்டாள். "மழைக்காலம். வீடு பூட்டிக் கிடக்கும். பாவம், அது சும்மா கிடக்குதே" என்றாள். நிற்க முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டாள். ஆனாலும் மூன்று வாரையும் வழக்கமான ஓட்டையில் இழுத்துப் போட்டாள்.

அவள் அந்த வீட்டில் செய்த கடைசி வேலை அது. திரும்பி வரவில்லை.

எங்களுக்கு ஒரே மகள். ஓசூரில் கம்பெனி வேலை, வீட்டுக்காரர், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. காரியம் முடிகிற வரை இருந்தாள். கூடவே வந்துவிடச் சொன்னாள். நான்தான் வீறாப்பாக மாட்டேன் என்றேன். மகள் ஊருக்குப் போன பிறகு தெரிந்தது, வீட்டில் பேசுவதற்கு ஆள் இல்லை என்றால் என்னவென்று. பால் பாக்கெட் கதவில் தொங்கும். மளிகையைப் பையன் வைத்துவிட்டு ஓடிவிடுவான். சில நாட்கள் இருட்டும்போதுதான் இன்றைக்கு வாயே திறக்கவில்லை என்பது நினைவுக்கு வரும். மகள் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள். அதுவும் சில வாரம் தவறும். அவளைக் குறை சொல்லவில்லை, அவளுக்கு ஆயிரம் வேலை. ஆனால் கஷ்டமாக இருந்தது. ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

உறை கொக்கியில் தொங்கியது. வெளியே விடாத மழை, சுவரெல்லாம் ஓதம். உள்ளே என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் இந்தத் தெருவில் கிடையாது. பக்கத்தில் போய் வாரில் கை வைப்பேன். அவள் இழுத்துப் போட்ட வார். நான் அவிழ்த்தால் மறுபடி நான்தான் போட வேண்டும், பிறகு அது நான் போட்டதாகிவிடும். கையை எடுத்துவிடுவேன். பட்டாளத்தில் ஒரு பொட்டு துருவுக்காக மைதானத்தைச் சுற்றி ஓடியவன் நான். தெரிந்தே விட்டேன்.

மழை ஓய்ந்த பிறகு வங்கியிலிருந்து மேனேஜரம்மா கூப்பிட்டார்கள். "எப்ப வர்றீங்க? கஸ்டமருங்க எல்லாம் உங்களைத்தான் கேக்கறாங்க" என்றார்கள். யார் கேட்டிருப்பார்கள் என்று தெரியும். பேனா வேண்டியவர்கள்தான். இருந்தாலும் அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்தால் போதும், ஒரு நாளைக்கு நூறு பேர் முகத்தைப் பார்க்கலாம், நாலு பேரைத் திட்டலாம். அந்த வேலை போனால் எனக்கு மனித முகம் கிடையாது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் நீண்ட லீவுக்குப் பிறகு சேர வேண்டுமானால், துப்பாக்கி நல்ல நிலையில் இருக்கிறது என்று லைசென்ஸ் உள்ள கடையில் சர்டிபிகேட் வாங்கி வர வேண்டும்.

அந்த வாரம் மகள் வந்திருந்தாள். வேலூருக்குத் தானே காரில் கூட்டிப்போவதாகச் சொன்னாள். உறையைத் திறந்து பார்க்காமலே எடுத்துக்கொண்டு ஏறினேன். பார்க்க தைரியம் இல்லை. அவள் அதைப் பின்சீட்டில் குழந்தையைப் படுக்க வைப்பது போல வைத்தாள்.

துப்பாக்கிக் கடைக்கார பாய் வயசானவர், என்னோடு பல வருஷப் பழக்கம். உறையை மேஜையில் வைத்தேன். வார்களை நானே அவிழ்க்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் பேசிக்கொண்டே மூன்றையும் சட்சட்டென்று அவிழ்த்துவிட்டார். அவருக்கு அது மூன்று பக்கிள்.

துப்பாக்கியை உருவினார். ரோமம் குழலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கறுப்பாகப் பளபளத்த இரும்பு செங்கல் நிறத்தில் திட்டுத் திட்டாக இருந்தது. நடுவில் மடக்கி, குழலை டியூப்லைட் பக்கம் தூக்கி ஒரு கண்ணால் பார்த்தார். பிரஷ் விட்டு இழுத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"உள்ள அரிச்சிட்டுது சார். பள்ளம் பள்ளமா இருக்குது. மேல இருக்கறதைத் தேச்சுடலாம், உள்ள ஒண்ணும் பண்ண முடியாது. தோட்டா போட்டா குழல் தாங்காது. நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார்.

அடுத்து அவர் கை உறைக்குப் போனது. உள்ளே விரலை விட்டுத் தடவி, மூக்கருகே கொண்டுபோனார். தோல் ஊரில் பிறந்தவர், மோந்தாலே தெரியும். "இந்த உறை இருக்குதே சார், இதுதான்..." என்று ஆரம்பித்தார்.

"எங்க அம்மா தைச்சது பாய்" என்றாள் மகள். பெருமை தாங்கவில்லை அவள் குரலில். "தையல் எப்டி இருக்குது பாருங்க. இத்தினி வருசத்துல ஒரு நூல் பிரியல."

பாய் என்னைப் பார்த்தார்.

"துடைக்கறதை வுட்டுட்டேன் பாய்" என்றேன். "அவ போனப்புறம் ஒரு நாளும் துடைக்கல. உறை மேல தப்பில்ல. என் சோம்பேறித்தனம்தான்."

பட்டாளத்தான் ஒருவன் சொல்லக்கூடாத வார்த்தை அது. பாய் உறையை மெதுவாக மடித்து, மகள் பக்கம் நகர்த்தி வைத்தார். "ஆமாம்மா. துப்பாக்கின்னா துடைக்கணும். துடைக்கலைன்னா எந்த உறை இன்னா பண்ணும்?" என்றார். அவருக்கு நான் கடன்பட்டவன்.

துப்பாக்கியை அங்கேயே ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு கிளம்பினோம். காரில் மகள் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாப்பா நீ? அம்மா உசுரைக் குடுத்துத் தைச்சாங்க. அதுக்குள்ள வச்சிருந்தும் துரு பிடிக்க வுட்டுட்டியே. துப்பாக்கியையே இப்டி வச்சிருக்கன்னா உன்னை நீ எப்டி வச்சிருப்ப? சாப்புடறியா இல்லையா? மாத்திரை போடறியா?"

ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. திட்டு வாங்கியது வலித்தது. ஆனால் அவள் அம்மாவின் தையலில் ஒரு சொல் விழவில்லை, அது போதும் என்று இருந்தது.

வங்கி வேலை போயிற்று. இந்த வயதில் வேறு துப்பாக்கி வாங்கி லைசென்ஸில் ஏற்றுவதெல்லாம் நடக்கிற காரியமில்லை. மேனேஜரம்மா, "பாக்கலாம்" என்றார்கள். பிறகு வாசலில் புதிதாகக் கேமரா மாட்டினார்கள். அது யாருக்கும் பேனா கொடுக்காது. உறையை மகள் ஓசூருக்குக் கொண்டுபோய்விட்டாள். யோகா பாயைச் சுருட்டி அதற்குள் வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு கிளாஸுக்குப் போகிறாளாம், எல்லோரும் எங்கே வாங்கினது என்று கேட்கிறார்களாம். ரப்பர் பாய், துரு பிடிக்காது.

ஆனால் ஒன்று நடந்தது. அன்றிலிருந்து மகள் தினமும் கூப்பிடுகிறாள். வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் முதல் போன் எனக்குத்தான். சோறு வடித்தாயா, சட்டை துவைத்தாயா, மாத்திரை எண்ணிக் காட்டு, வீடு பெருக்கினாயா என்று ஒரே அதட்டல். அப்பன் தன்னையே கவனிக்காமல் விட்டுவிட்ட ஆள் என்று அவளுக்குள் பதிந்துவிட்டது. உண்மையில் என் வீட்டுத் தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம். பட்டாளப் பழக்கம், விடிவதற்குள் எல்லாம் துடைத்தாகிவிடும். ஒரு நாள் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். துரு உறையால் வந்தது, நான் தெரிந்துதான் விட்டேன், எனக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று. நன்றாக இருக்கிற அப்பனுக்கு ஞாயிற்றுக்கிழமை போன் போதும். அது எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

நேற்றும் கூப்பிட்டாள். பின்னால் பஸ் ஹாரன் சத்தம்.

"ஃபேனைத் துடைக்கச் சொன்னேனே, துடைச்சியா?"

தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. காலையில் ஸ்டூல் போட்டு ஏறி, இறக்கை இறக்கையாகத் துடைத்திருந்தேன்.

"இல்லம்மா" என்றேன். "மறந்துட்டேன்."

"இன்னாப்பா நீ! நாளைக்குக் கேப்பேன், பாத்துக்கோ."

"கேளு" என்றேன்.