கண்ணாடிக்குள் படுத்திருந்தவர்

நான் கூட்டிப் பெருக்கிய மெத்தைக் கடையில் மாடிக்குத் தண்ணீர்க் குழாய் கிடையாது. கீழிருந்துதான் வாளியில் தூக்கிப் போக வேண்டும். எனக்கோ முழங்கால் வலி. ஆனால் காலையில் நான் போகும்போதே நிறைந்த வாளி மாடியில் இருக்கும். காவல்காரர் வைக்கிறார் என்று நினைத்து அவருக்காகச் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தேன். விற்பனைக்காரத் தம்பி லீவு போட்ட அன்றுதான் வாளி கீழே காலியாகக் கிடந்தது. மறுநாள் தம்பியிடமே கேட்டேன்; காவல்காரருக்காகக் கும்பிட்டதையும் சொன்னேன்.

"கடவுள் வேற ஆள் கணக்குல எழுதிட்டாராக்கும். போகட்டும் அக்கா" என்று சிரித்தார்.

கடையில் அவருக்குக் கொட்டாவி என்று பட்டப்பெயர். மற்றவர்கள் பஞ்சு, ஸ்பிரிங் என்று மூச்சு விடாமல் பேசுவார்கள். இவர் வந்தவர்கள் முன்னால் மெதுவாக ஒரு கொட்டாவி விடுவார். அது அவர்களுக்கும் தொற்றிக்கொள்ளும். "படுத்துப் பாருங்க, விளக்க அணைச்சிட்டுப் போறேன்" என்று நகர்ந்துவிடுவார். சண்டை போட்டுக்கொண்டே வந்த ஒரு புருஷனும் பெண்டாட்டியும் குறட்டை விட்டுத் தூங்கி எழுந்து, அந்த மெத்தையையே வாங்கிப் போனார்கள்.

பிறகு எதிரே பெரிய கடை வந்தது. எங்கள் வியாபாரம் படுத்துவிட்டது. முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு, "எவன் யோசனை ஓடுதோ அவன்தான் மேனேஜர்" என்றார்.

தம்பி சொன்னார்: தெருவைப் பார்த்த கண்ணாடிக்குள் மெத்தையைப் போட்டு, பட்டப்பகலில் ஓர் ஆள் நிம்மதியாகத் தூங்க வேண்டும். ஓடிக் களைத்தவர்கள் பார்த்து ஏங்க வேண்டும். முதலில் அவரே படுத்துக் காட்டினார்.

கூட்டம் நின்றது, உள்ளே வந்தது, கடை நிமிர்ந்தது. அப்பா மேனேஜர் ஆகப் போகிறார் என்று அவர் மகள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

மேனேஜர் ஆனது முதலாளியின் மாப்பிள்ளை.

"யோசனை யாரு வேணாலும் சொல்லலாம். நடத்த ஆள் வேணும்ல" என்றார் முதலாளி. "நீ கொட்டாவி விட்டா விக்குது. படுத்தா இன்னும் விக்குது."

"ஆளையாவது மாத்திப் போடுங்க முதலாளி. என் பொண்ணு அந்த வழியாத்தான் போறா."

"படுத்துக்கிட்டே சம்பளம் வாங்குற, அது கசக்குதா?" என்றார் மாப்பிள்ளை.

அன்றிலிருந்து கடை திறந்து மூடும்வரை, கோடு போட்ட இரவு உடுப்பில் அவர் அங்கேயே கிடந்தார். பிள்ளைகள் கண்ணாடியைத் தட்டுவார்கள். மகள் வேறு தெரு வழியாகப் பள்ளிக்குப் போக ஆரம்பித்தாள். "வீட்ல பாயில படுத்தா, வேலைக்கு வந்த மாதிரியே இருக்கு அக்கா. தூக்கமே இல்ல" என்பார். மேனேஜர் வேலையைப் பற்றிக் கேட்டால், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார்கள். அவரும் நம்பிக்கொண்டு படுத்தார்.

ஒரு நாள் மத்தியானம் வெளியே நின்று கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே தம்பியின் வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. எச்சில் வழிந்தது. ஓடிப் போய் மாப்பிள்ளையிடம் சொன்னேன்.

"இன்னிக்குத்தான் அசல் தூக்கம் மாதிரி நடிக்கிறான். கெடுத்துடாதீங்க. வெளியில கூட்டத்தப் பாருங்க."

படுத்திருப்பவரைத் தொடக்கூடாது என்பது கடைச் சட்டம். மனசு கேட்கவில்லை. ஈரத்துணியோடு கண்ணாடிக்குள் போய் அவரை உலுக்கினேன். தெருவில் நின்றவர்கள் கைதட்டினார்கள். பெருக்குகிற அம்மா வந்து எழுப்புவதும் விளம்பரம் என்று நினைத்துவிட்டார்கள். நான் கடவுளைக் கூப்பிட்டு அழுதேன். அதற்கும் சிரித்தார்கள். காவல்காரர் வந்து அவரைத் தோளில் போட்ட பிறகுதான் சிரிப்பு நின்றது.

சீக்கிரம் கொண்டுவந்திருக்கலாம் என்றார் டாக்டர். உயிர் தங்கியது. வலது கையும் பாதி வாயும் போயின.

தேறியபின் மனைவியோடு கடைக்கு வந்து, எந்த வேலையாக இருந்தாலும் பரவாயில்லை என்று நின்றார். "கோணின வாய வெச்சுக்கிட்டு என்னத்த விப்ப? கொட்டாவிகூட வராதே" என்றார் மாப்பிள்ளை. முதலாளி செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடவுள் பார்த்துக்கொள்வார் என்று எல்லோருக்கும் சொல்கிறவள் நான். அன்று எனக்கு அது வாயில் வரவில்லை.

வாசல்வரை கூடப் போனேன். கண்ணாடிக்குள் அதே உடுப்பில் புது ஆள் ஒருவன் படுத்திருந்தான். தம்பி நின்று அவனையே பார்த்தார். பிறகு, குழறிக் குழறிச் சொன்னார்:

"அக்கா, துடைக்கும்போது அவன் மூச்சு விடுறானான்னு பாத்துக்கங்க. அவனுக்கும் மேனேஜர் வேலை தர்றதா சொல்லியிருப்பாங்க."