நீசேயாவுக்கு வந்த கைகள்

புளோறன்ஸ் கோயிலில் உட்காரும்போது கைப்பையைப் பக்கத்து இருக்கையில் வைப்பாள். ஒஸ்லோவில் நடக்கும் தமிழ்ப் பூசைகளில் அந்த இடம் யாருக்கும் கிடைத்ததில்லை. அருட்செல்வம் தவறியும் வந்து இருந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த பை அது. அவர் ஒருநாளும் முன்னுக்கு வந்ததில்லை. கடைசி வாங்கில், தூணோடு ஒட்டி, தனியாக இருப்பார். என்றாலும் பை இருந்தது.

காரணம் எல்லோருக்கும் தெரியும். எண்பத்தைந்தில் மன்னார்க் கரையில் அவர்களுடைய ஊரை ஆமி சுற்றிவளைத்தது. ஆண்களை வரிசையில் நிறுத்தி, தலையிலிருந்து முழங்கால்வரை சாக்குப் போட்டு ஆளைக் காட்டிக்கொடுக்கும் ஒரு தலையாட்டியைக் கொண்டுவந்தார்கள். யாருக்கு முன்னால் சாக்கு ஆடியதோ அவரை ட்ரக்கில் ஏற்றினார்கள். ஏற்றப்பட்டவர்களில் புளோறன்ஸின் புருஷன் சவிரிமுத்துவும் ஒருவர். சாக்குக்குக் கீழே தெரிந்த கால்களை அவர் அறிவார். ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போன அருட்செல்வத்தின் கால்கள்; ஒரு பெருவிரலில் நகம் இல்லை. முகாமிலிருந்து சவிரிமுத்து திரும்பி வந்தபோது வலக்கை விரல்கள் நிமிராமல் போயிருந்தன.

பிறகு நோர்வே. வடகோடியில், ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலைக் குளிர் அந்தக் கைக்கு ஒத்துவரவில்லை. ஒஸ்லோவுக்கு இறங்கி, ஹவுகெட்டோவில் வீடு எடுத்து, அவர் பேக்கரியிலும் அவள் முதியோர் இல்லத்திலும் வேலைக்குச் சேர்ந்தார்கள். சில வருடங்கள் கழித்து அருட்செல்வமும் அகதியாக வந்து ஹவுகன்ஸ்டுவாவில் குடியேறினார். சவிரிமுத்து அவரைப் பற்றி வாயே திறக்கவில்லை. திறந்தது புளோறன்ஸ்தான். வீடு வீடாகச் சொன்னாள்.

மடுமாதா திருநாளுக்கு முந்திய நவநாட்களில் மாதாவின் சுரூபம் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டில் தங்கும். அடுத்த வீட்டார் வந்து கேட்க, வைத்திருந்தவர்கள் தங்கள் கையால் தூக்கிக் கொடுக்க வேண்டும். இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, அருட்செல்வம் முதன்முதலாகத் தனக்கும் ஒரு நாள் தரும்படி கேட்டார். திருநாள் குழுவை நடத்திய மேரியம்மா புளோறன்ஸுக்குத் தொலைபேசி எடுத்தாள். அக்கா ஓமெண்டால் எங்களுக்கும் ஓம், இல்லையெண்டால் இல்லை என்று பாரத்தை அவளிடமே இறக்கிவைத்தாள். இல்லை என்று சொல்லத்தான் புளோறன்ஸ் வாயெடுத்தாள். மறைக்கல்வி வகுப்புக்கு நேரமாகிவிட்டதால், பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

அவளைப்போலப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவர்கள் திருச்சபைச் சரித்திரமும் படிக்க வேண்டும் என்று பங்கில் வைத்த வகுப்பு அது. இங்கெபோர்க் என்ற கன்னியாஸ்திரி நடத்தினார். ரோம அரசு வேதநூல்களை எரித்ததும் சனங்கள் ஒளித்துக் கூடியதும் புளோறன்ஸ் கேட்ட கதைதான். தடை நீங்கிப் பன்னிரண்டு வருடத்தில் கொன்ஸ்தந்தீன் அரசன் ஆயர்களை நீசேயா நகரில் சபை கூட அழைத்து, வருவதற்கு அரச வண்டிகளையே கொடுத்தான் என்பது புதிது. பிடித்துக்கொண்டுபோன அதே அரசின் வண்டி. ஏறும்போது அவர்களுக்குக் கால் நடுங்கியிருக்காதா என்று நினைத்தாள்.

வந்தவர்களில் ஒருவருக்குத் தடைக்காலத்தில் ஒரு கண் தோண்டப்பட்டிருந்ததாம். இன்னொருவருக்குக் காய்ச்சிய இரும்பு வைத்ததில் நரம்பு செத்து இரண்டு கையும் வழங்காதாம். பழைய சரித்திரக்காரர் அப்படி எழுதியிருக்கிறார்கள். கிறிஸ்து படைக்கப்பட்டவரா, தந்தையோடு ஒரே பொருளானவரா என்று அந்த மனிதர்கள் இருந்து வழக்காடி முடித்ததிலிருந்துதான் நோர்வே மொழிப் பூசையில் அவள் சொல்லும் நீண்ட விசுவாசப்பிரமாணம் வந்தது. இத்தனை வருடமும் அதை ரயில் நிலையங்களின் பெயரைப்போல ஒப்புவித்திருக்கிறாள். இப்போது மனதுக்குள் முதலிலிருந்து சொல்லிப் பார்த்தாள்.

சகோதரி அதோடு நிறுத்தவில்லை. வேதகலகத்தில் பயந்து விசுவாசத்தை மறுதலித்தவர்களை என்ன செய்வது என்பதும் அங்கே கேள்வியாக வந்ததாம். நெருக்குதல் இல்லாமலே விழுந்தவர்களுக்குக்கூட நீண்ட தவம் கொடுத்து, கடைசியில் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். விழுந்தவர்களோடு ஒன்றாக இருக்கமாட்டோம் என்று ‘தூயவர்’ எனப் பெயர் வைத்துக்கொண்டு விலகி நின்ற கூட்டம் ஒன்றும் இருந்தது. திரும்பி வருவதென்றால் அவர்களோடும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று அந்தக் கூட்டத்துக்குச் சொன்னார்கள். புளோறன்ஸ் மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் சவிரிமுத்து அடுத்த நாள் கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, முழுவதையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

"அந்த ஆயருக்கு ரெண்டு கையும் வழங்காதாம், அப்பா."

அவர் உரிப்பதை நிறுத்தவில்லை. "விழுந்தவையைச் சேக்கிறதுக்கு அவரும் ஓமெண்டவரோ?"

"அந்தச் சபையிலை இருந்தவர்தானே. அவையெல்லாருமாச் சேந்துதான் சொன்னவை. எப்பிடியப்பா முடிஞ்சது அவைக்கு?"

அவர் கத்தியை வைத்தார். "அவைக்கு, கொண்டுபோய் வதைக்கிற அந்த அறை தெரியும். வெளியிலை நிண்டவைக்குத் தெரியாது." உரித்த தோல்களை ஒரு பக்கம் ஒதுக்கினார். "முகாமிலை என்னட்டை ஒருத்தற்றை பேரும் கேக்கேல்லை, புளோறன்ஸ். கையைத்தான் முறிச்சவங்கள். கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பன் எண்டு எனக்கே தெரியாது."

"இவ்வளவு காலமும் ஏன் சொல்லேல்லை?"

"நீ என்னை வீரனெண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சாய். பாவம், ஏன் கெடுப்பான் எண்டு விட்டிட்டன்."

அவள் சிரிக்கவில்லை. வெங்காயம் கண்ணைக் கரித்தது. அன்றைக்கே மேரியம்மாவுக்கு எடுத்து, ஓம் என்று மட்டும் சொல்லாமல், தங்கள் நாளுக்கு அடுத்த நாளை அருட்செல்வத்துக்குப் போடச் சொன்னாள்.

ஓகஸ்டில், மழை தூறிய ஒரு மாலை, அருட்செல்வம் தனியாக வந்தார். ஒஸ்லோவில் எல்லோரும் செய்வதுபோல வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். கால்களைக் கால்மேசுக்குள்ளும் ஒளிக்க முடியாதவர்போல ஒன்றன்மேல் ஒன்றை வைத்துக்கொண்டு நின்றார். புளோறன்ஸ் அந்தக் கால்களைப் பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை. கோபம் போய்விட்டது என்று சொல்ல முடியாது.

சவிரிமுத்து சுரூபத்தைத் தூக்கினார். நிமிராத விரல்கள் மாதாவின் நீலப் போர்வையைச் சுற்றிக் கொழுவியிருந்தன. அருட்செல்வம் இரண்டு கையையும் நீட்டினார். கை மாறும்போது அந்த விரல்கள் சட்டென்று விடவில்லை. சவிரிமுத்து இடக்கையால் ஒவ்வொன்றாகக் கழற்றும்வரை இரண்டுபேரும் ஒன்றாகவே பிடித்திருந்தார்கள். கையில்லாத ஆயரும் கண்ணில்லாத ஆயரும் தன் நடைவாசல்வரை வந்து நிற்பதுபோல இருந்தது புளோறன்ஸுக்கு.

அருட்செல்வம் குனிந்து சப்பாத்தைத் தேடினார். கையில் மாதா இருந்ததால் போட முடியவில்லை.

"மாதாவை மேசையிலை வையுங்கோ," என்றாள் அவள், கதிரையிலிருந்த தன் பையை எடுத்து இடம்விட்டபடி. "இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ. மழையும் விடட்டும்."