ஏழு பேர் உட்கார்ந்த படிக்கட்டு

எங்கள் கல்லூரியில் லிஃப்ட் பழுதாகி இரண்டு மாதம். என் வகுப்பு மூன்றாவது மாடியில், நானோ வீல்சேரில். மாற்றுத்திறனாளி மாணவர் மன்றத்தைத் தொடங்கியதே நான்தான். பதினான்கு பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவில் புலம்பினால் கட்டைவிரல் மட்டும் வரும். திருவொற்றியூரில் ஒரு கல்லூரியில் ஏழே பேர் சேர்ந்து வகுப்பையே தரைத்தளத்துக்கு இறக்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் வயிறு எரிந்தது. போன வெள்ளிக்கிழமை கிளம்பிவிட்டேன்.

கிண்டியிலிருந்து தேரடி வரை மெட்ரோ, ஐம்பது ரூபாய். லிஃப்ட் எல்லாம் வேலை செய்தது (அதிலும் பொறாமைதான்). அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் ஆட்டோ, எண்பது ரூபாய். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்தபடி டிரைவர் கேட்டார்: "படிக்கட்டாண்ட குந்திகினு இருப்பாங்களே, அந்தப் பசங்களாண்டதான போற? சேரை மடக்கி ஏத்துறதெல்லாம் நமக்கு அத்துப்படிம்மா." எங்கள் வாட்ச்மேனுக்கு என் பெயர்கூடத் தெரியாது.

கல்லூரிப் படிக்கட்டின் கீழே, வீல்சேரில் செல்வி, மீனவர் வீட்டுப் பெண். பக்கத்தில் பார்வையற்ற டேவிட். செல்வியால் மாடி ஏற முடியாது என்பதால் ஏழு பேரும் வகுப்புக்குப் போகாமல் அவளோடு கீழேயே உட்கார்ந்துவிட்டார்கள். நான்காம் நாள் துறைத்தலைவரே இறங்கிவந்து கீழே ஓர் அறையைத் திறந்துவிட்டாராம்.

"உன்னால படி ஏற முடியுமே?" என்று டேவிட்டைக் கேட்டேன்.

"ஏறுவேன். இவ கீழ கீறா, நான் மட்டும் மேல போயி இன்னா பண்றது?"

"பேச்சை மாத்தாத. என் டப்பால இருந்த மீன் வறுவல் எங்கடா?" என்று செல்வி அவன் மேல் பாய்ந்தாள். சண்டை முற்றியது. எனக்கு மிக அதிகமாகப் பொறாமை வந்தது அப்போதுதான். என்னோடு யாரும் சண்டை போடுவதில்லை. பாவம் என்று விட்டுவிடுவார்கள்.

"உங்க மன்றத்துல எத்தினி பேரு?" என்றாள் செல்வி.

"பதினாலு."

"எங்கள விட டபுளு! அப்பறம் இன்னாத்துக்கு இங்க வந்த?"



போக நினைப்பவர்களுக்கு: ஆட்டோவில் சேரைக் கட்ட ஒரு கயிறு எடுத்துப் போங்கள். மெட்ரோ நிலையத்திலேயே கழிப்பறைக்குப் போய்விடுங்கள். அந்தக் கல்லூரியில் நமக்கேற்ற கழிப்பறை இன்னும் இல்லை. அவர்களுடைய அடுத்த சண்டை அதற்குத்தானாம்.

திங்கட்கிழமை எங்கள் படிக்கட்டின் கீழே உட்கார்ந்துகொண்டு, 'இங்கேதான் இருக்கிறேன், வாருங்கள்' என்று குழுவில் போட்டேன். பன்னிரண்டு கட்டைவிரல்கள் வந்தன. பிறகு ஊன்றுகோல் சத்தம். இயற்பியல் படிக்கும் சுபா. அதுவரை அவளைக் குழுவில் உள்ள படத்தில்தான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்தாள், கேட்காமலே என் முறுக்கை எடுத்துத் தின்றாள்.

"அது என் சாப்பாடு" என்றேன்.

"கூப்பிட்டது நீதானே? எனக்கும் சேர்த்துக் கொண்டுவந்திருக்கணும்" என்று சண்டைக்கு வந்தாள்.

இன்னும் பன்னிரண்டு பேர் வரவேண்டும். நாளைக்கு முறுக்கு அதிகமாகக் கொண்டுபோகிறேன்.